மினி டிராக்டர் உழைக்குமா?

“அந்தக் காலத்து டிராக்டர் போல வருமா? அது இரும்பு. இது தகரம்!”

தஞ்சைப் பக்கத்தில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

பேசுகிறவர் பெரும்பாலும் வயதானவராக இருப்பார். அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் நிற்கும். பெயிண்ட் உரிந்திருக்கும். இருக்கை கிழிந்திருக்கும். ஆனாலும் கிளப்பினால் “டப டப” என்று கிளம்பிவிடும்.

எதிரே ஓர் இளைஞர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர் மினி டிராக்டர் வாங்கியவர்.

“ஏன் தம்பி, வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லையே. அதற்குள் பிரித்துப் போட்டுவிட்டாயே?”

“என்ன செய்வது மாமா? முன் அச்சுக்குள் சேறு போய்விட்டது. பல்சக்கரம் எல்லாம் தேய்ந்துவிட்டது.”

“அதைத்தான் சொல்கிறேன். இப்போது வருவதெல்லாம் விளையாட்டுச் சாமான்!”

பெரியவர் சொல்வது சரிதானா? இன்றைய சிறிய டிராக்டர்களின் தரம் குறைந்துவிட்டதா? அல்லது பழையதைப் புகழும் மனித சுபாவமா?

இது வெறும் டீக்கடை வழக்கு அல்ல. ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும் இதில் அடங்கி இருக்கின்றன.

ஒரு நாள் நின்றால்...

மேட்டூர் அணையில் போதிய தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ந் தேதி குறுவைக்காக அணை திறக்கப்படுவது வழக்கம். தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்காலுக்கு வரும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும்.

நாற்றங்காலில் நாற்று காத்திருக்கிறது. குறுவை நாற்றை 25 நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். நாற்று முற்றினால் தூர் கட்டுவது குறையும். தூர் குறைந்தால் நெல் குறையும்.

வரப்பில் நடவுப் பெண்கள் காத்திருக்கிறார்கள். வயல் சேறாகாமல் அவர்கள் இறங்க முடியாது. அன்றைய கூலியும் கிடையாது.

அந்த நேரத்தில் டிராக்டர் நடுவயலில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? டிராக்டர்காரர் வீடு மட்டும் அல்ல. பத்து வீடு தவிக்கும்.

எனவேதான், “உழைக்குமா?” என்ற கேள்வி இங்கே இவ்வளவு பெரிதாக இருக்கிறது.

வந்த கதை

முதலில் டிராக்டர் இங்கு வந்த கதையைப் பார்ப்போம்.

1959-ம் ஆண்டில் பரீதாபாத்தில் ‘ஐஷர்’ டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. 1960-ல் சென்னையில் ‘டாபே’ கம்பெனி தோன்றியது. செம்பியத்தில் தொழிற்சாலை அமைத்து, ‘மாசி பெர்குசன்’ டிராக்டர்களைச் செய்தது. 1963-ல் ‘மகிந்திரா’ கம்பெனி, அமெரிக்காவின் ‘இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்’ கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தது.

அதே சமயத்தில்தான் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. அது 1960-ம் ஆண்டு. பிறகு ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. இரண்டு போகத்துக்கும் நடுவே உழவுக்குக் கிடைக்கும் நாள் குறைந்தது. எந்திரம் தேவைப்பட்டது.

ஆனால் அன்று டிராக்டர் வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த பெரிய மிராசுதார்கள். ஒரு வேலி என்றால் சுமார் 6.67 ஏக்கர்.

இன்று நிலைமை வேறு. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1970-ல் வரம்பு மேலும் குறைக்கப்பட்டது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையும் சேர்ந்துகொண்டது. 2015-16-ல் எடுத்த வேளாண்மைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர்தான். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தஞ்சைக் கணக்கில் ஐந்தரை மா!

சிறு சிறு வயல்களில் பெரிய டிராக்டர் திரும்புவது சிரமம். மூலைக்கு மூலை வரப்பை மிதிக்கும்.

அதனால் சிறிய எந்திரங்கள் வந்தன. முதலில் பவர் டில்லர். பெங்களூரில் 1967-ல் தொடங்கிய ‘வி.எஸ்.டி.’ கம்பெனி ஜப்பானின் ‘மிட்சுபிஷி’ உதவியுடன் அதைச் செய்தது. பிறகு நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டர் வந்தது. ஜப்பானின் ‘குபோட்டா’ 2008-ல் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. நம் நாட்டுக் கம்பெனிகளும் போட்டியில் இறங்கின.

எடை ஏன் குறைந்தது?

பெரியவர் “இது தகரம்” என்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது எடைதான்.

அந்தக் காலத்து டிராக்டர் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை இருக்கும். இன்றைய மினி டிராக்டர்கள் பல ஒரு டன்னுக்கும் குறைவு.

எடை குறைந்தால் தரம் குறைந்தது என்று அர்த்தமா?

அல்ல. காவிரிச் சேற்றில் எடை ஒரு குற்றம்!

நன்செய் வயலில் சேற்றுக்குக் கீழே ஒரு கெட்டித் தரை இருக்கிறது. வருஷக் கணக்கில் உழுது மிதித்து உண்டான தரை அது. டிராக்டரின் சக்கரம் அதன்மேல்தான் நிற்கிறது. கனமான டிராக்டர் அந்தத் தரையை உடைத்துக்கொண்டு அமிழும். ஒரு முறை அமிழ்ந்தால் அதை வெளியே இழுக்க இன்னொரு டிராக்டர் வேண்டும்.

ஜப்பானியர்களும் நம்மைப் போலச் சேற்றில் நெல் நடுகிறவர்கள். அவர்கள் வயலும் சிறியது. அதனால் அவர்கள் சேற்றுக்கு ஏற்ற லேசான டிராக்டரைச் செய்தார்கள். அந்த ஜாதிதான் இன்று இங்கே ஓடும் மினி டிராக்டர்கள் பலவும்.

லேசாகச் செய்தது கஞ்சத்தனம் அல்ல, காரணத்தோடு செய்தது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

பொறுமை போய்விட்டது

பழைய டிராக்டரில் தேவைக்கு மேல் இரும்பு இருந்தது. இரண்டு மூட்டைக்கு மேல் நாலு மூட்டை ஏற்றினாலும் தாங்கியது. ஆயில் மாற்ற மறந்தாலும் ஓடியது. தப்பைப் பொறுத்துக்கொண்டது.

புதிய டிராக்டரில் எந்த வேலைக்கு எவ்வளவு இரும்பு வேண்டுமோ அவ்வளவுதான் இருக்கிறது. சொன்ன வேலையைச் செய்யும். சொல்லாத வேலையைக் கொடுத்தால் முறிந்துவிடும்.

எந்திரத்தின் வேகத்தையும் பாருங்கள். பழைய டிராக்டரின் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று சுற்றும். இன்றைய சிறிய டிராக்டர்கள் பலவற்றின் என்ஜின் 2,500-க்கு மேல் சுற்றுகிறது. சிறிய என்ஜினிலிருந்து பெரிய வேலை வாங்க அதுதான் வழி.

வேகமாகச் சுற்றுவதாலேயே என்ஜின் கெட்டுவிடாது. ஆனால் உள்ளே இருக்கும் ஆயில் குறைவு. அது அழுக்கானால் பழைய டிராக்டரைவிட வேகமாகத் தேயும்.

மாடு இளைத்தால் கண்ணுக்குத் தெரியும். எந்திரம் இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. முறிந்த பிறகுதான் தெரியும்.

எதிரி யார்?

டெல்டாவில் டிராக்டரைக் கொல்லும் எதிரி சேறுதான்.

பழைய டிராக்டரின் முன் சக்கரம் சும்மா உருளும். அதற்குள் பல்சக்கரம் கிடையாது. மினி டிராக்டரின் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிறது. அதனால்தான் சேற்றில் அது அபாரமாக ஓடுகிறது. ஆனால் இழுப்பதற்காக முன் அச்சுக்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அந்த அச்சு முழு நேரமும் சேற்றுக்குள் மூழ்கி ஓடுகிறது.

சேறு உள்ளே போகாமல் காப்பது எது? ‘சீல்’ என்ற சிறிய ரப்பர் வளையம்தான்.

அறுவடை எந்திரம் போன வயலில் வைக்கோல் கிடக்கும். சாக்குத் தைத்த நைலான் நூல் கிடக்கும். அவை அச்சில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். அறுந்த வழியாகத் தண்ணீரும் மணலும் புகும். ஆயில் மோர் போல வெளுத்துவிடும். அதற்கு மேலும் ஓட்டினால் பல்சக்கரம் மாவாகும்.

சீலின் விலை சொற்பம். பல்சக்கரம் மாற்றினால் பல்லாயிரம் ரூபாய். டீக்கடையில் பார்த்த இளைஞரின் வழக்கு இதுதான்.

செத்தது சாட்சி சொல்லாது

பழைய டிராக்டர் எல்லாமே நல்லதாக இருந்தனவா? இல்லை.

அன்றைய பல டிராக்டர்களில் ஓடும்போதே கியர் மாற்ற முடியாது. நிறுத்தி மாற்ற வேண்டும். சேற்றுத் தண்ணீர் போனால் பிரேக் பிடிக்காது. இன்று பெரும்பாலானவற்றில் பிரேக் ஆயிலுக்குள் மூடிய நிலையில் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பத் தோளும் கையும் விட்டுப்போன காலம் அது. இன்று பல டிராக்டர்களில் ஒரு விரலால் திருப்பலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்.

1960-களில் வந்த டிராக்டர்களில் இன்று ஓடுகிறவை எத்தனை? ஊருக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். மற்றவை காயலாங்கடைக்குப் போய் உருகி வேறு சாமான் ஆகிவிட்டன. அவை டீக்கடைக்கு வந்து, “நாங்களும் அந்தக் காலத்து இரும்புதான், பத்தே வருஷத்தில் செத்தோம்” என்று சாட்சி சொல்லாது.

மிஞ்சியதைப் பார்த்துத்தான் நாம் அந்தக் காலத்தையே புகழ்கிறோம்.

வயதைக் கணக்கிடுவதிலும் தப்பு நேருகிறது. டிராக்டருக்கு வயது வருஷத்தில் அல்ல, ஓடிய மணியில்.

ஒரு டிராக்டர் சொந்த நிலத்தில் மட்டும் வருஷத்துக்கு 300 மணி ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 20 வருஷத்தில் 6,000 மணி ஆகும். இன்னொரு டிராக்டர் வாடகைக்கு இரவு பகலாக வருஷத்துக்கு 1,200 மணி ஓடினால், ஐந்தே வருஷத்தில் அதே 6,000 மணி முடிந்துவிடும். இருபது வருஷம் உழைத்ததும் ஐந்து வருஷம் உழைத்ததும் ஒரே உழைப்புதான்!

கடன் தவணை கட்ட வேண்டியவர் வாடகைக்கு ஓட்டாமல் என்ன செய்வார்? ஓட்டுவது தவறல்ல. மணியைக் கணக்கில் வைக்காததுதான் தவறு.

1919-ல் ஒரு வழக்கு

“டிராக்டர் தரம் கெட்டுவிட்டது” என்ற கூக்குரல் புதியது அல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே எழுந்தது.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். அங்கே குரோசியர் என்ற விவசாயி ஒரு டிராக்டர் வாங்கினார். அதன் பெயர் புகழ்பெற்ற ஒரு மோட்டார் முதலாளியின் பெயர். ஆனால் அந்த முதலாளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெயரைப் பார்த்து ஏமாந்தார். டிராக்டர் வேலைக்கு உதவவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார். குரோசியர் சட்டசபை உறுப்பினரும்கூட. இன்னொரு உறுப்பினருடன் சேர்ந்து 1919-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்.

சட்டம் என்ன சொன்னது? இரண்டு விஷயம்.

ஒன்று: பல்கலைக் கழகத்தில் சோதனை செய்யாத மாதிரி டிராக்டரை அந்த மாநிலத்தில் விற்கக்கூடாது.

இரண்டு: விற்கிற கம்பெனி அந்த மாநிலத்திலேயே உதிரிபாகக் கடை வைக்க வேண்டும்.

1920-ல் சோதனை தொடங்கியது. வாய்ப்பேச்சில் சக்தி காட்டிய கம்பெனிகள் வாயை மூடிக்கொண்டன.

சோதனை, உதிரிபாகம் இந்த இரண்டும்தான் இன்றும் தஞ்சை விவசாயி கேட்க வேண்டியவை.

நம் நாட்டுச் சோதனை

நம் நாட்டிலும் சோதனை உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நருமதைக் கரையில் புத்னி என்ற ஊர் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் பண்ணை எந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது.

கம்பெனி சொல்லும் சக்தி உண்மையா, எவ்வளவு டீசல் குடிக்கிறது, எவ்வளவு எடை தூக்குகிறது என்று அங்கே அளக்கிறார்கள். சேற்றிலும் ஓட்டுகிறார்கள். ஓட்டிய பிறகு உள்ளே சேறும் தண்ணீரும் போயிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என்ஜினைப் பிரித்துத் தேய்மானம் அளக்கிறார்கள். எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதுகிறார்கள்.

வாங்கப் போகும்போது, “இந்த மாதிரியின் சோதனை அறிக்கையைக் காட்டுங்கள்” என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பெண் கொடுக்கும்போது பத்து இடத்தில் விசாரிக்கிறோம். லட்சக்கணக்கில் பணம் கொடுக்கும்போது ஓர் அறிக்கையைப் படித்துப் பார்க்கக்கூடாதா?

உதிரிபாகம் என்ற உயிர்

நல்ல டிராக்டர் என்று பெயர் எடுத்தும் அநாதையான கதை ஒன்று உண்டு.

அரசாங்கத்தின் எச்.எம்.டி. நிறுவனம் 1971-ல் பிஞ்சூரில் டிராக்டர் செய்யத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியாவின் ‘ஜீட்டர்’ மாதிரி. 25 குதிரைச் சக்தி. கெட்டியான வண்டி என்று பெயர் எடுத்தது. 2016-ல் மத்திய மந்திரிசபை அந்த டிராக்டர் பிரிவை மூட முடிவு செய்தது. இரும்பு நல்ல இரும்புதான். ஆனால் செய்த ஆலை இல்லை.

பழைய டிராக்டரை ஊர்ப் பட்டறையில் பிரித்து மாட்டினார்கள். தேய்ந்த இடத்தில் ‘புஷ்’ போட்டுக் கடைந்தார்கள். இன்று சில பாகங்களைத் தனியாகத் தருவதில்லை. முழுத் தொகுதியாகவே வாங்க வேண்டி இருக்கிறது. இது விவசாயியின் நியாயமான குறை. மூடிகள் மெல்லிசாகிவிட்டன, வயர்கள் அதிகமாகி, எலி கடித்தால் வண்டி நிற்கிறது. இவையும் உண்மையே.

“எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது” என்ற பயம் மட்டும் மினி டிராக்டருக்குப் பொருந்தாது. 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்தது, சுமார் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். அவற்றில் பல, மின்னணு முறையில் டீசல் செலுத்துகின்றன. அவற்றின் கோளாறைக் கண்டுபிடிக்க கம்பெனி மெக்கானிக்கின் கருவி வேண்டும். மினி டிராக்டர்கள் பெரும்பாலும் பழைய முறையிலேயே டீசலைப் பீய்ச்சுகின்றன. ஊர் மெக்கானிக்குக்கு அது புரியும்.

வாங்குமுன் ஆறு கேள்வி

1. எந்த வேலைக்கு வாங்குகிறீர்கள்? சேற்று உழவுக்கா, பாரம் இழுக்கவா? பாரம் இழுக்க மினி டிராக்டர் வேண்டாம். லேசான வண்டியைக் கனத்த டிரெய்லர் பின்னால் தள்ளும். பிரேக்கும் கிளட்சும் போய்விடும்.

2. கம்பெனி சொன்ன அளவுள்ள ரொட்டவேட்டர்தானா? “கொஞ்சம் பெரிதாகப் போடலாம்” என்ற ஆசைதான் பல டிராக்டர்களின் ஆயுளைக் குடிக்கிறது.

3. இரும்புக் கூண்டுச் சக்கரம், அதாவது ‘கேஜ் வீல்’, வண்டிக்கு ஏற்றதா? அதை மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது. சாலையும் கெடும், அச்சும் கெடும்.

4. உதிரிபாகக் கடை எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது? ஜூன் மாதத்தில் சீலும் பேரிங்கும் கையிருப்பில் இருக்குமா? ஊரில் அதே வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். விற்பவரைக் கேட்காதீர்கள்.

5. சேற்று உழவு முடிந்ததும் யார் கழுவுவது? அச்சில் சுற்றிய வைக்கோலை அன்றாடம் அறுத்து எடுக்க வேண்டும். முன் அச்சு ஆயிலை அடிக்கடி பார்க்க வேண்டும். மோர் போல இருந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

6. மணிக் கணக்கு எழுதுவது யார்? வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணி ஓடியது, எந்த மணியில் ஆயில் மாற்றியது என்று எழுதினால் போதும். பல குடும்பங்களில் டிராக்டரைக் காப்பாற்றுவது அந்த நோட்டுதான்.

தீர்ப்பு என்ன?

டீக்கடை வழக்கில் இப்போது தீர்ப்புச் சொல்லலாம்.

பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. புதிய டிராக்டரில் இரும்பு குறைவு, பொறுமையும் குறைவு.

இளைஞர் பக்கமும் பாதி உண்மை. பெரியவரின் டிராக்டரை அவருடைய ஐந்தரை மா வயலில் இறக்கியிருந்தால், அது இந்நேரம் இடுப்பளவு சேற்றில் நின்றிருக்கும்.

பழைய டிராக்டர் எஜமானின் தப்பைச் சுமந்தது. புதிய டிராக்டர் சுமக்க மறுக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சீல் போன அன்றே வண்டியை நிறுத்தியிருந்தால், அந்த இளைஞருக்குச் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். மறுநாள் நடவும் நடந்திருக்கும்.

அடுத்த ஜூன் மாதம் வாய்க்காலில் தண்ணீர் வரும். வரப்பில் பெண்கள் நாற்றுக்கட்டோடு காத்திருப்பார்கள். அன்று டிராக்டர் ஓடுமா, ஓடாதா என்பதைத் தொழிற்சாலை மட்டும் தீர்மானிப்பதில்லை. இன்று மாலை அச்சில் சுற்றிய வைக்கோலை அறுத்து எடுக்கும் கையும் தீர்மானிக்கிறது.